மாநாட்டில் காது கேளாதவர்களுக்கு: சைகை மொழிபெயர்ப்பாளரா, திரையில் எழுத்தா?

நந்தம்பாக்கம் வர்த்தக மையம் போன்ற பெரிய இடத்தில் மாநாடு நடத்துகிறவர்கள் சாய்தளம் உண்டா, லிஃப்ட் உண்டா என்று விசாரித்துவிடுகிறார்கள். காது கேளாதவர் வந்தால் என்ன ஏற்பாடு என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள். வழி இரண்டு: இந்திய சைகை மொழிபெயர்ப்பாளர், அல்லது பேச்சு அப்படியே திரையில் ஓடும் நேரடி எழுத்து. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42ஆம் பிரிவில், மின்னணு ஊடகங்களுக்கு இரண்டையுமே சொல்கிறது. மாநாட்டு பட்ஜெட் போடும்போதுதான் 'ஏதாவது ஒன்று போதாதா' என்ற பேச்சு எழுகிறது.

எழுத்தின் பெரிய பலம், ஒரே திரை பலருக்கும் உதவும். நடு வயதுக்கு மேல் கேட்கும் திறன் இழந்தவர்களில் பலருக்குச் சைகை மொழி தெரியாது; அவர்களுக்கு இதுதான் வழி. காதொலிக் கருவி போட்டவர்களுக்கும், மைக் எதிரொலிக்கும் பின்வரிசைக்காரர்களுக்கும் இது கைகொடுக்கும்.

ஆனால் 'மென்பொருளே எழுதிவிடும், செலவே இல்லை' என்பதை நம்பி இறங்காதீர்கள். "இந்த டேட்டாவை அனலைஸ் பண்ணிப் பார்த்தா, தாம்பரம் பக்கம்தான் ப்ராப்ளம் அதிகம்" என்பதுதான் நம் மேடைப் பேச்சு. ஆங்கிலத்துக்கு அமைத்தால் தமிழ்ச் சொற்கள் உளறலாகும். தமிழுக்கு அமைத்தால் துறைச் சொற்கள் சிதையும். அதை நம்பி உட்கார்ந்திருப்பவர் பாதி உரையை ஊகித்தே தீர வேண்டியிருக்கும். ஆள் வைத்துத் தட்டச்சு செய்வதே சரி. ஆங்கிலத்துக்கு வெளியூரிலிருந்தே இணையவழியில் செய்ய ஆள் உண்டு. தமிழுக்குக் கிடைப்பது அரிது.

சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அதிலேயே வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழும் இரண்டாம் மொழிதான். வேகமாக ஓடும் வரிகள் அவரைச் சோர்வாக்கிவிடும். அவருக்குச் சைகை மொழிபெயர்ப்புதான் வழி; அதற்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறாவிட்டால் கையும் மூளையும் தளர்ந்துபோகும். பேச்சாளரின் ஸ்லைடுகளை முன்கூட்டியே அவர்களிடம் கொடுங்கள். பேச்சாளருக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள், பெரிய அரங்கென்றால் கேமரா வைத்துத் திரையிலும் காட்டுங்கள். படம் போடும்போது அரங்கின் விளக்குகளை மொத்தமாக அணைத்துவிடுவார்கள்; மொழிபெயர்ப்பாளர் இருட்டில் கை அசைத்துக்கொண்டிருப்பார். அவர் மேல் ஒரு விளக்கு எரியட்டும்.

என் தராசு சாய்வது கேள்வி நேரத்தில். எழுத்து, பேச்சைக் காது கேளாதவரிடம் கொண்டுவரும். அவர் கேள்வியை அரங்குக்குக் கொண்டுபோகாது. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் செய்வார். மதியச் சாப்பாட்டு வரிசையிலும் கூட வருவார், அங்கேதான் உருப்படியான அறிமுகங்கள் நடக்கின்றன. அதனால் சைகை மொழி பேசுகிறவர் ஒருவர் பதிவு செய்திருந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்கே முதல் பணம்; மிச்சத்தில் முதன்மை அரங்குக்காவது தட்டச்சாளர். சைகை மொழி தெரிந்த எவரும் பதிவு செய்யவில்லை, கேட்கும் திறன் குறைந்தவர்கள் மட்டும் வருகிறார்கள் என்றால் முழுப் பணமும் எழுத்துக்கே.

யார் வருகிறார்கள் என்பது கேட்டால்தான் தெரியும். 'உங்களுக்கு எது வேண்டும்: சைகை மொழியா, எழுத்தா, இரண்டுமா?' என்ற கேள்வி பதிவுப் படிவத்தில் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர்கள் கடைசி வாரத்தில் கிடைக்கமாட்டார்கள். அரங்கை முன்பதிவு செய்யும்போதே அவர்களின் தேதியையும் கேட்டு வையுங்கள்.