ஸ்டாண்டர்டு கெசலுடன் 11 வருடம்: ஒரே ஒரு 'எல்' போதும்

என்னிடம் இருப்பது 1974 மாடல் ஸ்டாண்டர்டு கெசல். சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர் பகுதியில் தயாரான நான்கு கதவு கார். ஸ்டாண்டர்டு கம்பெனியின் முந்தைய கார் ஹெரால்டு. அதன் தங்கை என்று சொல்லலாம். அதே 948 சிசி இன்ஜின், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கிறது. ஓட்டுவதில் எனக்குக் குறையே இல்லை. 11 வருடமாக அலைய வைப்பது இதன் பெயர்தான்.

கம்பெனி வைத்த பெயர் ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து: ஜி, ஏ, இசட், ஈ, எல். ஒரு வகை மானைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் கடைசியில் இன்னும் ஒரு 'எல்'லும் 'ஈ'யும் உண்டு. அதை மனதில் வைத்தே எல்லோரும் எழுதுகிறார்கள். என் ஆர்சி புக்கில் 'எல்' இரண்டு, பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் 'இசட்' இரண்டு. வண்டியை என் பெயருக்கு மாற்றும்போது இரண்டும் ஒரே வண்டிதானா என்று கேட்டு, சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து வரச் சொன்னார்கள். மூன்று நாள் அலைச்சல்.

அதைவிடச் செலவு வைத்தது வாட்டர் பம்ப். ஒழுக ஆரம்பித்ததும் இணையத்தில் இரண்டு 'எல்' போட்டுத் தேடி ஒன்றை வரவழைத்தேன். மெக்கானிக் அண்ணன் வாங்கி இன்ஜின் பிளாக்கில் வைத்துப் பார்த்தார். போல்ட் ஓட்டை ஒன்றுகூட ஒத்துவரவில்லை. "தம்பி, இது நம்ம வண்டியோடதே இல்ல" என்றார். இங்கிலாந்தில் ரூட்ஸ் குழுமம் தயாரித்த சிங்கர் கெசலுடைய பம்ப் அது! ரஷ்யாவில் இதே பெயரில் வேன் கூட உண்டு. அதன் பாகங்களும் இந்தத் தேடலில் வந்து குவியும். தமிழில் 'கஸல்' என்று அடித்தாலோ பாட்டுதான் வரும்.

இப்போது இன்ஜின் பாகம் வேண்டுமென்றால் 'ஹெரால்டு 948' என்று தேடுகிறேன். கேஸ்கெட், பேரிங் எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் பின் அச்சுக்கு இது உதவாது. ஹெரால்டில் இருப்பது ஸ்விங் ஆக்சில், அதாவது இரண்டு பின் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அச்சு. கெசலில் அதற்குப் பதிலாக லைவ் ஆக்சில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு, போட்டார்கள். விற்பனை விளம்பரங்களில் 'ஹெரால்டு கெசல்' என்று சேர்த்து எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதை நம்பி ஹெரால்டின் பின் ஸ்பிரிங்கை வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

தமிழில் கெசல், கேசல், கசெல் என்று எப்படி எழுதினாலும் எனக்குச் சம்மதம். ஒலியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் அந்த ஐந்து எழுத்தை மாற்றாதீர்கள். எண்ணிக்கையில் குறைந்துபோன வண்டி இது. பெயரும் கலைந்துவிட்டால் இருக்கிற பாகங்களைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

போன மாதம் பின்பக்க பேட்ஜ் உடைந்தது. புதிதாக வார்க்கக் கொடுத்தபோது எழுத்துகளை நானே காகிதத்தில் பெரிதாக வரைந்து, கடைசி 'எல்'லுக்குப் பின்னால் ஒரு கோடும் இழுத்துக் கொடுத்தேன். சரியாக வந்திருக்கிறது. அப்புறம், ஆர்சியில் திருத்தத்துக்கும் மனு போட்டிருக்கிறேன்.