தேரடிப் பக்கத்து மொட்டை மாடி யோகா வகுப்பு

திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி, கடல் பக்கமாகப் போகும் சந்துகளில் ஒன்றில் நடக்கிறது இந்த வகுப்பு. பெயர்ப் பலகை கிடையாது. இரண்டு மாடி ஏறினால் பாதி தகரக் கூரை, பாதி வானம் என்று ஒரு மொட்டை மாடி. நடத்துபவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். காலையில் 5.30 மணிக்கு ஒரு வகுப்பு, சாயங்காலம் 6.30க்கு ஒன்று. மாதம் 500 ரூபாய்.

நான் காலடிப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷின் மேல் குனிந்தே இருந்து கழுத்தும் வலது தோளும் இறுகிப் போய், ராத்திரி புரண்டு படுக்கக்கூட முடியாத நிலைமை. அதற்காகத்தான் சேர்ந்தேன். வலி நன்றாகவே குறைந்திருக்கிறது. அதைப் பற்றி மட்டும் என்றால் யாரிடமாவது வாயால் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இங்கே கிடைத்த இன்னொன்றுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாஸ்டர் கற்றுத் தருவது கிருஷ்ணமாச்சாரியார் வழி. 1888இல் பிறந்து 1989 வரை வாழ்ந்த பெரிய யோகா ஆசிரியர். கடைசிப் பல வருடங்கள் நம்ம சென்னையில்தான் இருந்தார். அந்த வழியில் மூச்சுதான் முதலாளி. கையைத் தூக்கினால் மூச்சு உள்ளே, இறக்கினால் வெளியே. மூச்சு முடியும் இடத்தில் அசைவும் முடிய வேண்டும். ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தை மாற்றுவதும் அவர் வழிதான். முட்டி வலி உள்ளவர்களுக்கு நாற்காலி, எனக்குத் தோளை அதிகம் திருப்பாத பூனை ஆசனம், பிரஷர் உள்ளவர்களுக்கு மூச்சை அடக்கும் பயிற்சி அறவே கிடையாது. திருமூலர் பிராணாயாமத்துக்கு மூச்சை 16 மாத்திரை (ஒரு மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம்) இழுத்து, 64 நிறுத்தி, 32இல் விடச் சொல்கிறார் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து ஒரு பையன் அதையே உடனே சொல்லித் தரும்படி கேட்டான். "அது அவரு கணக்குப்பா. நீ நாலு இழுத்து ஆறு விடு, போதும்" என்று உட்கார வைத்துவிட்டார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

கடைசிப் பதினைந்து நிமிஷம் தியானம். ஸ்பீக்கரில் புல்லாங்குழல் இல்லை, ஊதுபத்தி இல்லை. கண்ணை மூடி மூச்சைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் திருவொற்றியூரில் விடியற்காலை எங்கே அமைதியாக இருக்கிறது? கன்டெய்னர் லாரி ஹாரன், மேலே ஓடும் மெட்ரோ, கோயில் மணி, பாங்கு, பக்கத்து வீட்டு மிக்ஸி. மாஸ்டர் சொல்வது ஒன்றே ஒன்று: "காதுல விழறது விழட்டும்மா. தொரத்தாதீங்க, பின்னாடியும் போகாதீங்க." மிக்ஸி சத்தத்தில் எனக்கு எரிச்சல்தான் வரும். எப்போது மாறியது என்று தெரியவில்லை. யாரோ ஒருத்தி பிள்ளைகளுக்குச் சட்னி அரைக்கிறாள், அது ஒரு வீட்டின் காலை என்று கேட்க ஆரம்பித்த பிறகு அந்தச் சத்தம் எனக்கு இடைஞ்சலாகவே இல்லை.

கடையிலும் ஏதோ மாறியிருக்கிறது. அளவு கொடுக்க வரும் பெண்கள் பெரும்பாலும் தங்கள் உடம்புக்காக மன்னிப்புக் கேட்பது போலத்தான் நிற்பார்கள். கை குண்டாயிடுச்சுக்கா, முதுகு சதை தெரியாம தைங்கக்கா, ஆபரேஷன் ஆனதுலேருந்து வயிறு இப்படித்தான். இத்தனை வருஷமாக நானும் சரி சரி என்று தலையாட்டி எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். இப்போது மார்பளவு டேப்பைச் சுற்றிப் பிடித்திருக்கும்போது அவர்கள் மூச்சு என் விரலில் ஏறி இறங்குவது தெரிகிறது. அது வெளியே போய் முடியும் வரை காத்திருந்து அளவைப் பார்க்கிறேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் எதிரே நிற்பவள் எவ்வளவு அழகு என்று தோன்றுகிறது. கும்பிடக்கூடத் தோன்றுகிறது. சாமி சந்நிதியில் நிற்கும்போது வரும் அதே நெகிழ்ச்சி, கையில் இஞ்ச் டேப்போடு வருகிறது.

பௌர்ணமி சாயங்காலங்களில் மாஸ்டர் எங்களைப் பட்டினத்தார் சமாதிக்கு அழைத்துப் போவார். கடலுக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம். பட்டினத்தார் இந்த உடம்பை எவ்வளவு திட்டிப் பாடியிருக்கிறார்! ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏன் மாஸ்டர், திருமூலர் உடம்புக்குள்ள உத்தமன் கோயில் கட்டியிருக்கான்னு சொல்றாரு. இவரு நாத்தம்ங்கறாரு. நாம யார் பேச்சைக் கேக்கறது?"

"ரெண்டு பேரும் பொய் சொல்லலம்மா. ஆசையில அலையற உடம்ப இவரு திட்டினாரு. சாமி குடியிருக்கற உடம்ப அவரு காப்பாத்தினாரு. உடம்பு ஒண்ணுதான்."

பதில் நல்ல பதில்தான். ஆனாலும் நான் திருமூலர் பக்கம். என் அம்மாவைக் கடைசி காலத்தில் தினமும் குளிப்பாட்டியது நான்தான். தோலும் எலும்புமாகக் கிடந்த அந்த உடம்பில் கூட வெறுக்க எனக்கு ஒன்றும் இருந்ததில்லை. எங்கள் ஊர் ஆதிபுரீஸ்வரர் மேல் சாத்தியிருக்கும் கவசத்தை வருஷத்தில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் எடுப்பார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் வரிசை கட்டி நிற்கும், நானும் நிற்பேன். அந்த வரிசையில் முன்னால் நிற்கும் கிழவியின் வெடித்த குதிகாலும் இப்போது என் கண்ணில் படுகிறது, அவளுக்கும் அவளுக்குள்ளே ஏறி இறங்கும் மூச்சுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாடிப்படி செங்குத்து, மேல் பகுதியில் கைப்பிடியே இல்லை. வயதானவர்கள் ஏறுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது; மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறோம், வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்கிறார். ஐப்பசி கார்த்திகை மழையில் கீழே ஒரு சின்ன அறைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே கையை நீட்டினால் பக்கத்து ஆள் மேல் படும். புதிதாக வருபவர்களையும் பழையவர்களையும் ஒரே வகுப்பில் வைப்பது சரியில்லை, முதல் வாரம் தனியாக எடுக்கலாம்.

அப்புறம் காற்று. மேற்கிலிருந்து காற்று அடிக்கும் சில நாட்களில் மணலிப் பக்கத்து ஆலை வாடை மாடி வரைக்கும் வரும், தொண்டை கரகரக்கும். அந்த நாட்களில் மாஸ்டர் பிராணாயாமத்தை நிறுத்திவிட்டு உடற்பயிற்சியையும் குறைத்துவிடுவார். அது சரியான முடிவு. ஆனால் மூச்சைச் சாமியாகப் பார்க்கப் பழகியவர்களுக்கு அன்றைக்கு வரும் கோபம் சாதாரணக் கோபம் இல்லை. கோயிலுக்குள் யாரோ குப்பை கொட்டியது போல இருக்கிறது. வடசென்னைக்காரர்கள் நல்ல காற்றைக் கேட்பதும் ஒரு வழிபாடுதான் என்று நான் நம்புகிறேன்.

உடம்பை வளைத்துப் போட்டோ எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. வேகமாக எடை குறைய வேண்டும் என்பவர்களுக்கும் ஏமாற்றமாக இருக்கும். குனிந்தும் நின்றும் வேலை செய்கிறவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள், சரியாகத் தூக்கம் வராதவர்கள் தைரியமாகச் சேரலாம். மீன் விற்கும் அக்கா ஒருவர் காலையில் வியாபாரம் இருப்பதால் சாயங்கால வகுப்புக்கு வருகிறார். பணம் முடியாத மாதங்களில் மாஸ்டர் கேட்பதில்லை. ஜமுக்காளம் நீங்களே கொண்டு போக வேண்டும். வெறும் வயிற்றோடு போங்கள், வண்டியைத் தேரடியிலேயே விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.