வேலூர் வெள்ள நிவாரணக் குழு: உதவி பெற்றவளாகவும் உடன் சென்றவளாகவும்

வேலூரைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வெள்ள நிவாரணக் குழு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். 2021 நவம்பரில் அவர்கள் கையால் பொருள் பெற்றேன். 2024 டிசம்பரில் அவர்களுடன் பொருள் கொடுக்கவும் போனேன்.

2021 நவம்பர் 19 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. பாலாறும் பொன்னையாறும் கரை புரண்டன. பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். மோர்தானா அணை நிரம்பி வழிந்ததில், குடியாத்தம் பக்கம் கவுண்டன்யா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. இங்கே பல வீடுகளில், தரையில் குழி தோண்டி அமைத்து லுங்கி நெய்யும் குழித்தறிதான் பிழைப்பு. தறி இல்லாத வீட்டில் பீடி சுற்றுவார்கள். ஒரே இரவில் பாவும் நூலும் பீடி இலையும் சேற்றோடு சேர்ந்துவிட்டன.

முதலில் வந்தது வேறொரு லாரி. அதில் வந்தவர்கள் மெயின்ரோட்டிலேயே நின்று பழந்துணி மூட்டைகளையும் புளிசாதப் பொட்டலங்களையும் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். ஓடிப்போய் எடுக்க முடிந்தவர்களுக்குக் கிடைத்தது. மிஞ்சிய பொட்டலங்கள் மாலைக்குள் ஊசிப்போயின. துணி மூட்டைகள் ஒரு வாரம் மழையில் நனைந்துகொண்டே கிடந்தன.

நான் சொல்லும் குழுவினர் முதல் நாள் எதையும் கொண்டுவரவில்லை. இருவர் மட்டும் பைக்கில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து வீடு வீடாக விசாரித்தார்கள். எங்கள் மாமியாரிடம் ஒரு பையன், "ஆயா, உங்க வீட்ல அடுப்பு எரியுதா? சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டதை நான் மறக்கவில்லை. விறகு நனைந்து கிடக்கும் வீட்டுக்கு அரிசியை மட்டும் கொடுத்து என்ன பயன் என்பதை அவர்கள் யோசித்திருந்தார்கள். மறுநாள் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியதால் டெம்போ வர முடியவில்லை. சுற்றுவழியில் டிராக்டரில் வந்து சேர்ந்தார்கள். புழுங்கல் அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றோடு தார்ப்பாய், பாய், போர்வை, டார்ச் லைட், கொசுவர்த்தி, பால் பவுடர் எல்லாம் இருந்தன. சானிட்டரி நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, குழுவில் இருந்த பெண்களே தனியாகக் கொடுத்தார்கள். யாரையும் வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கவில்லை.

குறைகளும் உண்டு. ஏரிக்கரையில் இருக்கும் மூன்று இருளர் குடிசைகள் அவர்களுடைய பட்டியலில் விடுபட்டிருந்தன. ஊர்க்காரர்களான நாங்களும் அதை முதலில் சொல்லவில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பொருளை இறக்கி முடித்த பிறகே பள்ளி ஆசிரியை ஒருவர் நினைவூட்ட, அன்று இரவே நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். மருந்துச் சீட்டை வாங்கிச் சென்றும் மாத்திரைகள் வர இரண்டு நாள் ஆயின. சர்க்கரை நோயாளிக்கு அது நீண்ட காலம். மாட்டுத் தீவனத்தைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. எங்களுக்கு மிகப் பெரிய சுமை தறிக்குழியில் நின்ற தண்ணீர். வாளியால் மொண்டு ஊற்ற ஊற்ற ஊறிக்கொண்டே இருந்தது. தறி மறுபடி ஓட மூன்று வாரம் ஆயிற்று. அரிசி தீர்ந்த பிறகு எங்களுக்குத் தேவைப்பட்டது அந்தத் தண்ணீரை இறைத்துத் தரும் உதவிதான். இதை அவர்களிடம் நேரிலேயே சொன்னேன்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கியபோது, இவர்கள் விழுப்புரம் பக்கம் புறப்பட்டார்கள். என்னையும் அழைத்தார்கள். வீடுகளில் விசாரிக்கும் பொறுப்பு எனக்கு. கடைசித் தெருவிலிருந்து தொடங்கி ஊர் முகப்புக்கு வரவேண்டும் என்பது இப்போது அவர்களுடைய வழக்கமாகியிருந்தது. நோட்டில் மாடு, ஆடு என்று தனிப் பத்தியும் இருந்தது.

டெம்போவில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் ஒன்றும் இருந்தது. வீட்டுக்குள் தேங்கிய நீரை இறைக்க வாடகைக்கு எடுத்ததாம். நாங்கள் போன தெருவில் நாள் முழுவதும் அது ஓடியும் ஆறு வீடுகள்தான் முடிந்தன. அடுத்த தெருவில் காத்திருந்தவர்களிடம் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு, இன்ஜினை அந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம்.