ஃபோர்ட் ரக்கர் பக்கம் வாடகை வீடு: என்டர்பிரைஸ், ஓசார்க், டேல்வில் எப்படி?

அலபாமாவின் தென்கிழக்கில் ஃபோர்ட் ரக்கர் முகாமை ஒட்டி மூன்று ஊர்கள் இருக்கின்றன: என்டர்பிரைஸ், ஓசார்க், டேல்வில். அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர் விமானிகளுக்கு இங்கேதான் பயிற்சி. முகாமின் பெயர் 2023இல் ஃபோர்ட் நோவசெல் என்று மாறி, 2025இல் பழையபடி ரக்கர் ஆனது. அதனால் வீடு தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள். மருத்துவமனைக்கோ ஒப்பந்த நிறுவனத்துக்கோ வேலைக்கு வரும் குடும்பங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, இங்குள்ள வாடகைச் சந்தை ராணுவத்தினரின் அளவெடுத்துத் தைத்த சட்டை என்பதுதான். மற்றவர்கள் அதை அணியும் முன் எங்கே பிடிக்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகையில் தொடங்கலாம். பதவி, குடும்பம், முகாம் இருக்கும் இடம் ஆகியவற்றை வைத்து பி.ஏ.எச். என்ற வீட்டுப்படி ராணுவத்தினருக்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் புதிய தொகை வரும். பட்டியல் எல்லோரும் பார்க்கக் கூடியது. வீட்டுக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். நீங்களும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை இடமாற்றக் காலம் என்பதால் நல்ல வீடுகள் சீக்கிரம் போய்விடும், பேரமும் படியாது. குளிர்காலத்தில் வர முடிந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். இடமாற்ற உத்தரவோ 90 நாளுக்குக் குறையாத பணிப் பயண உத்தரவோ வந்தால், எஸ்.சி.ஆர்.ஏ. என்ற ராணுவத்தினர் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் அபராதமின்றி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அறிவிப்புக்குப் பின் வரும் அடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாளில் அது முடிந்துவிடும். இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. வேலை மாறினால் எத்தனை மாத வாடகை கட்டி வெளியேறலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இன்னொன்று, வெளியூருக்கு மாற்றலாகிப் போன ராணுவத்தினருக்குச் சொந்தமான வீடுகள் இங்கே நிறைய. உரிமையாளர் திரும்பி வந்தால் உங்களைக் காலி செய்யச் சொல்லும் ஷரத்து இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். டெபாசிட் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது அலபாமா சட்டம். செல்லப்பிராணி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. காலி செய்தபின் அதைத் திருப்பித் தர 60 நாள் அவகாசம் இருப்பதால், அடுத்த வீட்டு டெபாசிட்டுக்கு அந்தப் பணத்தை நம்ப வேண்டாம்.

பயிற்சிக்கு வருபவர்கள் ஓரிரு வருடத்தில் கிளம்பிவிடுவதால் வீடுகள் அடிக்கடி கை மாறுகின்றன. அதில் முதலில் அடிபடுவது ஏசி. காற்றில் ஈரம் அதிகம், கோடை நீளம். மாதம் ஒரு முறை ஃபில்டர் மாற்றாவிட்டால் ஏசிக்குள் இருக்கும் குளிரூட்டும் சுருள் (coil) பனியாக உறைந்துபோகலாம். நீர் வடியும் குழாயில் பாசி கட்டினால், பரணில் யூனிட் உள்ள வீட்டில் கூரை வழியாகத் தண்ணீர் இறங்கும். வீடு பார்க்கப் போகும்போது ஏசி துவாரத்தைச் சுற்றிப் பழுப்புக் கறை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். புதுப் பெயின்ட் வாசனையில் பூஞ்சை வாசனை மறைந்துபோகும் என்பதால் அலமாரிக் கதவுகளையும் திறந்து பாருங்கள். புல்வெளியில் நெருப்பெறும்புப் புற்று இருந்தால் மருந்து வைப்பது யார் பொறுப்பு என்றும் கேளுங்கள்.

சத்தம் விஷயத்தில் வரைபடத்தை நம்பாதீர்கள். முகாமுக்கு வெளியேயும் சுற்றுவட்டாரம் முழுக்கப் பயிற்சித் தளங்கள் சிதறிக் கிடக்கின்றன. பத்து மைல் தள்ளியிருக்கும் வீட்டின் மேலும் லக்கோட்டா, பிளாக் ஹாக் போன்ற ஹெலிகாப்டர்கள் வட்டமடிக்கலாம், இரவுப் பயிற்சியும் உண்டு. வார நாளில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அந்தத் தெருவில் அரை மணி நேரம் நின்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டொர்னாடோ என்ற சுழல்காற்று விஷயத்தில் இதைவிடக் கண்டிப்பு தேவை. 2007 மார்ச் 1 அன்று என்டர்பிரைஸ் உயர்நிலைப் பள்ளியைத் தாக்கிய டொர்னாடோவில் எட்டு மாணவர்கள் இறந்தார்கள். வசந்த காலமும் நவம்பரும் ஆபத்தான மாதங்கள். சைரன் வெளியில் இருப்பவர்களுக்கானது, தூக்கத்தில் கேட்காது. பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்குங்கள். கீழ்த்தளத்தின் நடுவில் ஜன்னலில்லாத அறை இல்லாத வீட்டை விட்டுவிடுங்கள். மொபைல் ஹோம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பக்கத்தில் பொதுப் புகலிடம் இல்லாவிட்டால் வேண்டாம்.

ஊர்களைப் பொறுத்தவரை, குழந்தைகள் இருந்தால் என்டர்பிரைஸ்தான் எங்கள் தேர்வு. பருத்தியை அழித்த கூன்வண்டுக்கு 1919இல் நினைவுச்சின்னம் எழுப்பிய ஊர் அது. சுற்றுச்சாலைக்கும் அந்த வண்டின் பெயர்தான், கடைகள் பெரும்பாலும் அதில்தான். பெரிய மருத்துவமனைகளும் விமான நிலையமும் டோத்தன் நகரத்தில் இருக்கின்றன. அங்கே வேலை என்றால் சுமார் 20 மைலில் உள்ள ஓசார்க் வசதி. என்டர்பிரைஸிலிருந்து சுமார் 30 மைல். டேல்வில் மிகச் சிறியது. முகாமுக்குள்ளேயே வேலை, தனி ஆள் என்றால் போதும். முகாமுக்குள் இருக்கும் காமிசரி மளிகைக் கடை ராணுவத்தினர், அவர்களின் குடும்பத்தினர் போன்ற தகுதியுள்ளவர்களுக்கானது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேருந்தை நம்பி வாழ முடியாது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் இரண்டு கார் வேண்டும். குடியேறிய 30 நாளுக்குள் அலபாமா ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டும். பள்ளி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடும் என்பதால், வாடகை ஒப்பந்தமும் தடுப்பூசிச் சான்றும் ஜூலைக்குள் கையில் இருக்கட்டும்.