‘ஆம்’ போடுவதா, ‘இல்லை’ போடுவதா: ஃபிளாக்போலிங் தாளும் எஸ்டா கேள்வியும்

2018-ல் நானும் என் சித்தப்பா மகனும் ஒரே காரில் நயாகரா பக்கம் போனோம். பாலத்தைத் தாண்டி அமெரிக்க அதிகாரியிடம் “ஃபிளாக்போலிங்” என்று ஒரு வார்த்தை சொன்னோம், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், முக்கால் மணி நேரம் கழித்து ஆளுக்கு ஒரு தாளைக் கையில் கொடுத்து வந்த வழியே கனடாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்காவுக்குள் போகும் எண்ணம் எங்கள் இருவருக்குமே இல்லை. கனடா கவுன்டரில் வேலை பெர்மிட் கையோடு வாங்க வேண்டும், அதற்கு நாட்டை விட்டு ஒரு எட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டும், அதற்குத்தான் ஃபிளாக்போலிங் என்று பெயர். அப்போது நயாகரா பாலங்களில் செவ்வாய், புதன், வியாழன் மட்டும்தான் இதைச் செய்வார்கள் என்பதால் லீவு போட்டுவிட்டுப் போன கூட்டமே அங்கே நின்றது.

இப்போது அமெரிக்காவில், எடிசனில் அத்தை மகளுக்குக் கல்யாணம். இருவரும் கனடா பிஆர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்கள். ஆனால் அமெரிக்கா போக பிஆர் அட்டை உதவாது, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதுதான் கணக்கு. எனக்கு இந்தியப் பாஸ்போர்ட், ஆகவே பி1/பி2 என்ற வருகையாளர் விசா, அதற்கு டிஎஸ்-160 என்ற விண்ணப்பப் படிவம். அவன் பாண்டிச்சேரிக்காரன், தாத்தா வழியில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், ஆகவே எஸ்டா போதும், விசா இல்லாமல் போக ஆன்லைனில் வாங்கும் முன் அனுமதி அது. ஒரே நாள், ஒரே பாலம், ஒரே மாதிரித் தாள். கேள்வியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: அமெரிக்க விசா மறுக்கப்பட்டதா, நுழைய அனுமதி மறுக்கப்பட்டதா, நுழைவிடத்தில் உங்கள் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றீர்களா? மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு ஆமா இல்லையா என்று நிற்கும்.

என் பக்கம் சுலபம். டிஎஸ்-160-ல் ‘ஆம்’ போட்டால் விளக்கம் எழுத ஒரு பெட்டி திறக்கிறது. எப்படியும் நேர்காணலுக்குப் போகத்தான் போகிறேன், அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்து படிப்பார். இந்தப் படிவத்தில் ‘இல்லை’ போடுபவர்களை எனக்குப் புரியவே இல்லை. பாலத்தில் போட்டோவும் கைரேகையும் எடுத்தார்களே, அது எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறார்கள்?

எஸ்டாதான் தலைவலி. அங்கே ‘ஆம்’ என்றால் எப்போது, எங்கே என்று மட்டும் கேட்கும். ஏன் என்று கேட்காது. “ஐயா, நான் உள்ளே வரவே கேட்கவில்லை” என்று சொல்ல இடமே கிடையாது. ஆகவே அவன் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, எஸ்டாவில் ‘இல்லை’. இதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தத் தாளில் எழுதியிருப்பது நிர்வாக ரீதியான மறுப்பு, கனடா குடியேற்ற வேலைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர் என்ற பொருளில். முறையான வெளியேற்ற ஆணை அல்ல, தடை எதுவும் அதனால் விழாது. சரி, ஆனால் கேள்வியில் இருப்பதும் ‘மறுப்பு’, தாளில் இருப்பதும் ‘மறுப்பு’. இதைப் பொய் என்று ஓர் அதிகாரி முடிவு செய்தால் வருவது சின்ன வழக்கல்ல. தெரிந்தே, முக்கியமான விஷயத்தில் தவறான தகவல் கொடுத்தவர் என்ற முத்திரை அமெரிக்கச் சட்டத்தில் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும், விலக்கு கேட்டு வாங்கினால்தான் உண்டு. ‘தெரிந்தே’ என்பதை அவர்கள் நிரூபிப்பார்களா என்பது வேறு பேச்சு. கல்யாணத்துக்குப் போகிறவன் விமான நிலையத்தில் நின்று வாதாட வேண்டிய பேச்சு அல்ல அது.

இன்னொன்று. சிலருக்கு அந்தச் சாதாரணத் தாளுக்குப் பதில் ஐ-275 என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதன் பெயரிலேயே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக இருக்கிறது. அது கையில் இருந்தால் இந்த வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது வழி, எஸ்டாவில் ‘ஆம்’. நேர்மையானது, மலிவும்கூட: 2025 செப்டம்பர் 30 முதல் சுமார் 40 டாலர். ஆனால் விளக்கம் இல்லாத ‘ஆம்’ மறுக்கப்படவே வாய்ப்பு அதிகம். மறுத்தால் வானம் இடிந்து விழாது, விசாவுக்குப் போகச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனால் எஸ்டா மறுக்கப்பட்டதா என்று டிஎஸ்-160 தனியாக ஒரு கேள்வி கேட்கும். ஒரு விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் இரண்டு எழுத வேண்டியிருக்கும்.

மூன்றாவது, எஸ்டா பக்கமே போகாமல் நேராகப் பி விசா. 185 டாலர், நேர்காணல், தேதிக்காகக் காத்திருப்பு. ஆனால் கிடைத்தால் பத்து வருடம் வரை ஓடும், எஸ்டா இரண்டே வருடம். இதிலும் ஒரு பொறி உண்டு. திரும்பி வருவீர்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வராமல் 214(பி) என்ற சட்டப் பிரிவில் விசாவை மறுத்துவிட்டால், அதன் பிறகு எஸ்டா கேள்விக்கு ‘ஆம்’ என்பது விவாதமே இல்லாத ‘ஆம்’ ஆகிவிடும், அதுவரை இருந்த சந்தேகத்தின் பலனும் போய்விடும். நிலையான வேலை, வாடகையோ வீட்டுக் கடனோ, பிஆர் அட்டை என்று கனடாவில் வேர் பிடித்தவர்களுக்கு இந்த வழி. வந்து ஆறு மாதம் ஆனவர் அவசரப்பட வேண்டாம்.

தாளைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள் (வீடு மாறியதில் போயிற்று என்று குறைந்தது மூன்று பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்). அவர்கள் முதலில் அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறையிடம் தகவல் உரிமைச் சட்டப்படி தங்கள் பதிவைக் கேட்டு வாங்கலாம். நாளாகும், ஆனாலும் பாலத்தில் என்ன பதிந்தார்கள் என்று தெரியாமல் பதில் எழுதுவதைவிட அது மேல்.

கனடாப் படிவங்களை மறக்க வேண்டாம். எந்த நாடாவது நுழைவை மறுத்ததா என்று அங்கேயும் கேட்கிறார்கள், தவறாகச் சொன்னதாகக் கண்டால் ஐந்து வருடத் தடை. அதில் விளக்கப் பெட்டி இருக்கிறது. ‘ஆம்’ போட்டு, இரண்டு வரி எழுதி, தாளை ஸ்கேன் செய்து சேர்த்துவிட்டால் முடிந்தது. கனடாக் குடியுரிமை வாங்கியவர்களுக்குச் சுற்றுலாவுக்கு எஸ்டாவும் வேண்டாம், விசாவும் வேண்டாம் என்பதால் இந்தக் கூத்தே இல்லை.

2023 ஏப்ரலிலிருந்து ஒரே வருடத்தில் மூன்று பிராந்தியங்களில் மட்டும் 69,300 பேருக்கு மேல் இப்படி வந்து திரும்பியதாகக் கனடா அரசே சொல்லியிருக்கிறது. 2024 டிசம்பர் 23 இரவோடு வேலை, படிப்பு பெர்மிட்டுகளுக்கு இந்த வழியைச் சில விலக்குகள் தவிர மூடிவிட்டார்கள். பாலத்தில் கூட்டம் இல்லை, தாள்கள் மட்டும் அலமாரிகளில் இருக்கின்றன.

தம்பி மூன்றாவது வழியில் போனான். 40 டாலரில் முடியக்கூடியதை 185 ஆக்கிவிட்டான் என்று வீட்டில் எல்லோரும் அவனைத்தான் கிண்டல் செய்தார்கள், எனக்கென்னவோ அவன் செய்ததுதான் சரி. விளக்கப் பெட்டியில் இருவரும் ஒரே மூன்று வரியை எழுதினோம்: கனடா வேலை பெர்மிட்டுக்காக இந்தத் தேதியில் இந்தப் பாலத்தில் திரும்பினேன், அமெரிக்காவுக்குள் நுழைய நினைக்கவில்லை, அன்று தந்த தாள் என்னிடம் இருக்கிறது. நேர்காணலில் அந்த அதிகாரி தாளைக் கேட்கக்கூட இல்லை. “கனடாவில் என்ன வேலை, கல்யாணம் யாருக்கு” என்றார். அத்தை மகளுக்கு என்று சொன்னதும், அத்தை மகள் என்றால் என்ன உறவு என்று விளக்கத்தான் எனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது.