மீசப்புலிமலை என்று பணம் வாங்கி, கொழுக்குமலையைக் காட்டி அனுப்பினார்கள்

மூணாறு பக்கம் மலையேறப் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். பொங்கல் விடுமுறையில் நாங்கள் ஆறு பேர், ஆளுக்கு 4,800 ரூபாய் கொடுத்து ஏமாந்துவிட்டு வந்திருக்கிறோம்.

மீசப்புலிமலை 2,640 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடியே 2,695தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சோலைக்காடு, புல்வெளி, ரோடோடென்ட்ரான் மரங்கள், காலுக்குக் கீழே மேகம். ஒரு மலையாளப் படத்தில் பெயர் வந்த பிறகு கூட்டம் அலைமோதுகிறது. அங்கே ஏறக் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் அனுமதி வேண்டும். மூணாறிலிருந்து சைலன்ட் வேலி எஸ்டேட் வழியாக வழிகாட்டியோடுதான் போக முடியும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம் இன்ஸ்டாகிராமில் வந்த ஒரு போஸ்டர்தான்: 'மீசப்புலிமலை வியூ ட்ரெக்'. அந்த 'வியூ' பொடி எழுத்தில் இருந்தது. நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் புரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

பணம் ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் போனது. ரசீது கேட்டதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. சூரியநெல்லிக்கு வரச் சொன்னார்கள். போடிமெட்டு, பூப்பாறை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். கூடாரம் ரோட்டு ஓரத்து மேட்டில். ராத்திரி பதினொன்று வரை பக்கத்துக் கூடாரத்தில் ஸ்பீக்கர். சப்பாத்தி அப்பளம் மாதிரி இருந்தது. சரி, மலைக்குத்தானே வந்தோம் என்று பொறுத்துக்கொண்டோம்.

விடிகாலை நாலு மணிக்கு ஜீப். குலுங்கிக் குலுங்கி எலும்பு கழன்றுவிடும் போலிருந்த அந்தப் பாதையில் நான்தான் பேச்சுக் கொடுத்தேன்: "இறங்கினப்புறம் எவ்வளவு தூரம் நடக்கணும்ணே?" டிரைவர் எஸ்டேட்டுத் தமிழர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க தம்பி நடக்கப் போறீங்க? இது கொழுக்குமலை. மீசப்புலிக்கு மூணாறு ஆபீஸ்ல சீட்டு வாங்கணும். இங்கிருந்து ஏற விடமாட்டாங்க."

ஜீப்பில் யாரும் பேசவில்லை.

மேலே போனதும் விடிந்தது. வாய் பிளந்த மிருகம் போல ஒரு பாறை, கீழே தமிழ்நாட்டுச் சமவெளி முழுக்க மேகக்கடல். உண்மையைச் சொன்னால் அழகுதான். தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்க, ரோடு மட்டும் கேரளாவிலிருந்து வருகிற விசித்திரமான இடம். ஆனால் சூரியநெல்லியில் நேராக ஒரு ஜீப் பிடித்து, வாடகையை ஆறு பேர் பிரித்துக்கொண்டால் அதே சூரியோதயத்தை எத்தனையோ மடங்கு குறைந்த செலவில் பார்த்திருக்கலாம். வழிகாட்டிப் பையன் வடக்கே கையை நீட்டி, "அதோ, அதுதான் மீசப்புலி" என்றான். வியூ ஆகிவிட்டது.

நாங்கள் சத்தம் போட்டதும் அவன் வேறு வழி சொன்னான். ஆளுக்கு இன்னும் 700 கொடுத்தால், ஃபாரஸ்ட் ஆட்கள் வருவதற்குள் முகடு வழியே கூட்டிப் போகிறானாம். கூட வந்தவர்களில் இரண்டு பேர் தயாராகிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். நாங்கள் நின்ற இடத்துக்குக் கிழக்கே சரிவில் கீழே இருப்பது குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று இந்தக் கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்கள்தான் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அனுமதி இல்லாத பாதையில் போனார்கள் என்று அப்போது அரசு சொன்னது. ஜனவரியிலேயே புல் காய ஆரம்பித்திருந்தது. ஏமாந்த பணம் போகட்டும், சீட்டில்லாமல் ஓரடி எடுத்து வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நண்பர்கள் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டால், "வியூன்னு போட்டிருக்கே, படிக்கலையா சார்?" என்றார்கள். அப்புறம் பிளாக். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்ததால் அதுவாவது முடிந்தது.

உங்களிடம் யாராவது மீசப்புலிமலை என்று சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த ஊருக்கு வரச் சொல்கிறீர்கள்? சூரியநெல்லி என்றால் அது கொழுக்குமலை. மூணாறு என்றாலும் விட்டுவிடாதீர்கள், வன வளர்ச்சிக் கழகத்து அனுமதிச் சீட்டை உங்கள் பெயரோடு அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நீங்களே கழகத்தில் நேரடியாகப் பதிவு செய்துவிடலாம். தமிழ்நாட்டுப் பக்கம் ஏற ஆசைப்பட்டால், 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது. குரங்கணி – சாம்பலாறு பாதையும் அதில் உண்டு.

நாலு நாள் கழித்து, பிளாக் செய்ததை மறந்துவிட்டார்கள் போல, வேறொரு எண்ணிலிருந்து ஆறு பேருக்கும் சான்றிதழ் வந்தது. '8,661 அடி மீசப்புலிமலை உச்சியை வெற்றிகரமாகத் தொட்டதற்கு வாழ்த்துகள்.' என் பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை.