ஃபேமிலி லிங்க்: பூட்டு உதவுகிறது, வரைபடம் பாதிதான்

பிள்ளையின் போனைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்து கட்டுப்படுத்த உதவும் செயலி கூகுள் ஃபேமிலி லிங்க். 2017-இல் வந்த இதைப் பல பெற்றோர் நிறுவுவதே பிள்ளை எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான். நெடுநாள் புழங்கிய பிறகு உருப்படியாகப் பயன்படுவதோ இரவுப் பூட்டும் செயலி அனுமதியும். வரைபடம் நிம்மதி தருவதைவிடப் படபடப்பைக் கூட்டுவதே அதிகம்.

வரைபடத்தில் தெரியும் புள்ளி, பிள்ளையின் போன் கடைசியாகத் தெரிவித்த இடம். டேட்டாவை அணைத்தாலோ சார்ஜ் தீர்ந்தாலோ பழைய இடத்திலேயே நிற்கும். ஆகவே புள்ளியைப் பார்க்கும் முன் அது எப்போது பதிவானது என்று பாருங்கள். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரியாக எட்டாது. வைஃபையையும் டவரையும் வைத்துக் கணிக்கும். அப்போது புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம் பெரிதாகிவிடும், பிள்ளை அதற்குள் எங்கும் இருக்கலாம். வகுப்பில் இருக்கிற பிள்ளை இரண்டு தெரு தள்ளித் தெரிவது இதனால்தான். உடனே போன் போட்டு அதட்டினால் பிள்ளைக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பிள்ளையின் போனில் லொகேஷன் அக்யூரசியை (வைஃபை, டவர் ஆகியவற்றையும் சேர்த்து இடத்தைக் கணிக்கும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். பேட்டரி சேவர் தானாக ஓடாதபடி வையுங்கள். பின்னணியில் ஓடும் கூகுள் பிளே சர்வீசஸ் என்ற செயலியின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாடு இருந்தால் நீக்குங்கள். பிள்ளை பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் வரும் அறிவிப்பு சில நிமிடம் பிந்துவது சகஜம். இந்த அறிவிப்பு, பள்ளியைச் சுற்றிய ஓர் எல்லை வட்டத்துக்குள் போன் நுழைந்ததும் வருவது. ஆண்ட்ராய்டில் அந்த வட்டத்துக்குக் குறைந்தது 100 மீட்டர் ஆரம் வைக்கும்படிதான் பரிந்துரை, எனவே வாசலைத் துல்லியமாகக் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நேரக் கட்டுப்பாட்டில் ஒரு பொறி உண்டு. வரம்பு ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனி. 2 மணி நேரம் என்று வைத்து, போனும் டேப்லெட்டும் இருந்தால் மொத்தம் 4 மணி நேரம். 'எப்போதும் அனுமதி' தந்த செயலிகள் இந்தக் கணக்கில் சேராது. யூடியூப் செயலியை மட்டும் தடுத்தால் பிரவுசரில் திறந்துவிடும், அங்கும் தளத்தைத் தடுக்க வேண்டும். ஒருமுறை அனுமதித்த செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ உங்களைக் கேட்காது.

பூட்டியிருக்கும்போதும் வருகிற சாதாரண அழைப்பை எடுக்க முடியும். அவசர அழைப்பும் போகும். அதனால் இரவில் அவசரமென்றால் வாட்ஸ்அப்பில் கூப்பிடாமல் நேரடி எண்ணுக்கே கூப்பிடுங்கள். இணையம் இல்லாத இடத்தில் பூட்டைத் திறக்க, உங்கள் செயலியில் உள்ள பெற்றோர் அணுகல் குறியீட்டைப் போனிலேயே சொல்லிவிடலாம். அது மாறிக்கொண்டே இருக்கும் எண் என்பதால் பிள்ளை மனப்பாடம் செய்து பயனில்லை.

பதின்வயதை எட்டிய பிள்ளையை எந்நேரமும் வரைபடத்தில் கண்காணிப்பது உறவைக் கெடுக்கும் என்பதே நம் கருத்து. வெளியே போகும்போது மட்டும் வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் போதும். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என மூன்றே தேர்வுகள், முடிந்ததும் தானே நின்றுவிடும். பிள்ளையே பகிர்வதால் ஒளித்துப் பார்க்கிறார்கள் என்ற எண்ணமும் வராது. அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கு, படித்ததைக் காட்டும் நீல டிக் வரவில்லையே என்று கவலைப்படுவதும் வீண். அதைப் பிள்ளை அணைத்து வைத்திருக்கலாம். ஒற்றைச் சாம்பல் டிக் என்றால் செய்தி இன்னும் போனுக்கே போய்ச் சேரவில்லை. இரண்டு சாம்பல் டிக் என்றால் சேர்ந்துவிட்டது, படித்தாரா என்பது அதிலிருந்து தெரியாது.